பயிற்சி முடித்து ஸ்டேஷனுக்கு வரும் புதிய காவலருக்கு ஒரு வழிகாட்டி

பயிற்சிப் பள்ளியில் கவாத்து, துப்பாக்கி சுடுதல், சட்ட வகுப்பு எல்லாம் முடித்துச் செய்முறைப் பயிற்சிக்கு ஒரு காவல் நிலையத்தில் ஆஜராகிறீர்கள். ரைட்டர் (நிலைய எழுத்தர்) உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, பாராவுக்கு (நிலையக் காவல் பணிக்கு) நில்லு" என்பார். அவ்வளவுதான் வரவேற்பு. அடுத்த அரை மணி நேரத்தில் யாராவது அழுதுகொண்டு வாசலில் வந்து நிற்பார். வகுப்பில் கேட்ட பிரிவு எண்கள் எதுவும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நேரடி எஸ்.ஐ. பயிற்சியில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். முழுச் சட்டப் பாடம் இல்லை. ஒரு சூழ்நிலை முன்னால் வந்து நிற்கும்போது எதை முதலில் யோசிப்பது, எதைத் தொடாமல் விடுவது, எப்போது மேலே சொல்வது என்பது மட்டும்தான்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சோதனை உண்டு. நான் இப்போது செய்யப்போவதைச் செய்தபடியே பொது நாட்குறிப்பில் (நிலையத்தில் நடப்பதை நேரத்தோடு எழுதும் பதிவேட்டில்) எழுத முடியுமா? எழுதத் தயங்கினால் அதைச் செய்யாதீர்கள். சட்டம் தெரியாத இடத்தில்கூட இந்தக் கேள்வி பாதி வழியைக் காட்டிவிடும்.

புது எண்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.), குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.), சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (பி.எஸ்.ஏ.) வந்துவிட்டன. மூத்தவர்கள் இன்னும் "ஃபோர் ட்வென்டி கேஸ்", "த்ரீ நாட் டூ" என்றுதான் பேசுவார்கள். ஊரும் அப்படித்தான் பேசும். பேச்சில் இருக்கட்டும், எழுதும்போது புது எண் வர வேண்டும்.

தினமும் காதில் விழுபவற்றை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். கொலை 302 இப்போது 103. கொலை முயற்சி 307 இப்போது 109. திருட்டு 379 இப்போது 303(2). மோசடி 420 இப்போது 318(4). அஜாக்கிரதையால் மரணம் 304ஏ இப்போது 106. கணவர் வீட்டார் கொடுமை 498ஏ இப்போது 85. மிரட்டல் 506 இப்போது 351. சாதாரணக் காயம் 323 இப்போது 115(2). செயின் பறிப்புக்குப் பழைய சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. இப்போது 304 பறித்தலைத் (ஸ்னாட்சிங்) தனிக் குற்றமாகவே சொல்கிறது.

ஒரு விஷயத்தில் புதியவர்கள் அடிக்கடி குழம்புவார்கள். எந்தத் தண்டனைச் சட்டம் என்பதைக் குற்றம் நடந்த தேதிதான் தீர்மானிக்கும், புகார் வந்த தேதி அல்ல. 2023-ல் நடந்த மோசடிக்கு இன்று புகார் வந்தாலும் அது பழைய 420-தான்.

வாசலில் புகார்தாரர் நிற்கிறார்

பாராவில் நிற்பவர்தான் அந்த ஸ்டேஷனின் முகம். உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். "என்ன ஆச்சு, எப்ப ஆச்சு, எங்க ஆச்சு, இப்ப யாருக்காவது அடிபட்டிருக்கா?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முதலில் முக்கியம். ஆள் ரத்தத்தோடு நின்றால் மனுவும் கையெழுத்தும் அப்புறம். முதலில் மருத்துவமனைக்கு அனுப்பும் குறிப்பாணையும் 108-ம்.

அடுத்து, நீங்கள் எதைச் செய்ய முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நிலையப் பொறுப்பு அதிகாரி இல்லாத நேரத்தில் அந்தப் பொறுப்பு அங்கே இருக்கும் அடுத்த நிலையில் உள்ளவருக்குப் போகும். ஆனால் அவர் காவலர் நிலைக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆகவே எஃப்.ஐ.ஆர். போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் முடிவு அல்ல. "இதெல்லாம் கேஸ் ஆகாதும்மா, போயிட்டு வாங்க" என்று சொல்லும் அதிகாரமும் உங்களுக்கு இல்லை. வந்தவரை எஸ்.ஐ. முன்னாலோ தலைமைக் காவலர் முன்னாலோ கொண்டுபோய் நிறுத்துவதுதான் உங்கள் கடமை. அவர்கள் ரோந்தில் இருந்தால் மைக்கில் (வயர்லெஸ்ஸில்) சொல்லுங்கள், சொன்ன நேரத்தைக் குறியுங்கள்.

பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம். 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், நெடுநாள் தாமதமான புகார் போன்ற சிலவற்றில் முதல்கட்ட விசாரணைக்கு அந்தத் தீர்ப்பு இடம் கொடுத்தது. இப்போது பி.என்.எஸ்.எஸ். 173(3) இன்னொரு வழியும் தருகிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைப் புகாரில் அந்த வழி கிடையாது. அங்கே நேராக எஃப்.ஐ.ஆர்., புலனாய்வு அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர்.

"இது எங்க லிமிட் இல்ல, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க." இந்த ஒரு வாக்கியத்தை மறந்துவிடுங்கள். எல்லை எதுவானாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று 173(1) சொல்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் போடும் எஃப்.ஐ.ஆர்.) போட்டு உரிய நிலையத்துக்கு மாற்றலாம். மின்னணு வழியில் வந்த தகவல் என்றால் அனுப்பியவர் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம். பாலியல் குற்றம் போன்ற சில குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கு பி.என்.எஸ். 199 ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் வைத்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அது புகார்தான். எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும். மனுவுக்கு சி.எஸ்.ஆர். (சமூக சேவைப் பதிவேடு) ரசீது கொடுத்துவிட்டாலே எஃப்.ஐ.ஆர். போட்டதாகிவிடாது. இதைப் பல மூத்தவர்களும் வசதிக்காக மறந்துவிடுவார்கள்.

பணம் போன சைபர் மோசடி என்றால் மனு எழுத உட்காருவதற்கு முன்பே அவர் போனிலிருந்து 1930-க்கு அழைக்க வையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க அதுதான் வழி.

சம்பவ இடத்துக்கு முதலில் போவது நீங்கள்தான்

ஆய்வாளரும் தடயவியல் ஆட்களும் வருவதற்குள் அந்த இடத்தில் நிற்பது பெரும்பாலும் ஒரு காவலர்தான். வழக்கு நிற்பதும் விழுவதும் பல நேரம் அந்த முதல் இருபது நிமிடத்தில் முடிவாகிவிடும்.

உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தூக்கில் தொங்குபவர் உயிரோடு இருக்கலாம் என்று தோன்றினால் உடலை ஒருவர் தாங்கிப் பிடிக்க, கயிற்றை அறுத்து இறக்குங்கள். ஆனால் முடிச்சை அவிழ்க்காதீர்கள், முடிச்சிலிருந்து தள்ளி அறுங்கள். கழுத்தில் உள்ள சுருக்கும் மேலே கட்டிய முடிச்சும் அப்படியே இருந்தால்தான் அது தற்கொலையா, வேறு ஏதாவதா என்று மருத்துவரும் தடயவியல் நிபுணரும் சொல்ல முடியும். இறந்து வெகுநேரம் ஆகிவிட்டது என்று தெளிவாகத் தெரிந்தால் எதையும் தொட வேண்டாம். கதவு எப்படி இருந்தது, உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததா, யார் உடைத்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததா, நாற்காலி எந்தப் பக்கம் விழுந்து கிடந்தது, இதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் குறிப்பேட்டில் ஏற வேண்டும். அரை மணி நேரம் கழித்து அந்த அறையில் பத்துப் பேர் நின்றுகொண்டிருப்பார்கள்.

கூட்டத்தை வெளியே அனுப்புவதுதான் இதில் கஷ்டமான வேலை. உறவினர்கள் அழுதுகொண்டு உடல் மீது விழுவார்கள். அதட்டினால் கூட்டம் உங்கள் மேல் திரும்பும். அந்த வீட்டிலேயே கொஞ்சம் நிதானமாக இருக்கும் பெரியவர் ஒருவரைப் பிடியுங்கள். "ஐயா, தடயம் அழிஞ்சா உங்க பிள்ளைக்கு நியாயம் கிடைக்காது, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றால் அவரே கதவில் நின்றுகொள்வார். போய் வர ஒரே வழியை மட்டும் ஒதுக்குங்கள். அந்த வழியில் யார் வந்தாலும், உங்கள் ஆய்வாளர் வந்தாலும், பெயரும் நேரமும் எழுதுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள்: அங்கே புகை பிடிக்காதீர்கள், அந்த வீட்டுக் குழாயில் கை கழுவாதீர்கள். கிடக்கும் செல்போனை எடுத்து நோண்டாதீர்கள். ரத்தம் படிந்த துணியை பிளாஸ்டிக் கவரில் அடைத்தால் புழுங்கிக் கெட்டுப்போகும்; உலர்த்திக் காகித உறையில் போடுவதுதான் முறை, அதையும் நீங்களாகச் செய்யாமல் தடயவியல் ஆட்களுக்கு விடுங்கள். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் வருவதை பி.என்.எஸ்.எஸ். 176(3) எதிர்பார்க்கிறது. சோதனையும் கைப்பற்றுதலும் 105-ன்படி வீடியோவில் பதிவாக வேண்டும். செல்போன் கேமராவே போதும். ஆனால் அந்த வீடியோவும் படமும் உங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக்கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே தனிக் குற்றம், பி.என்.எஸ். 72.

சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வந்தவரிடம் பெயர், முகவரி கேட்டு நச்சரிக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. விருப்பப்பட்டுச் சொன்னால் எழுதிக்கொள்ளலாம்.

தகராறு நடக்கும் இடம்

இரவு பத்து மணி, டாஸ்மாக் பக்கம். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், சுற்றி இருபது பேர், அதில் பாதிப் பேர் கையில் செல்போன். நீங்களும் இன்னொரு காவலரும் பைக்கில் வருகிறீர்கள்.

வண்டியை விட்டு இறங்குவதற்கு முன் மைக்கில் இடத்தைச் சொல்லுங்கள். ஓடிப்போய் நடுவில் நிற்காதீர்கள். இரண்டு கை தூரத்தில் நின்று கைகளைப் பாருங்கள், முகத்தை அல்ல. பாட்டில், கத்தி எல்லாம் கையில்தான் இருக்கும். ஒருவர் ஒரு ஆளிடம், இன்னொருவர் மற்ற ஆளிடம் பேசுங்கள். இருவரையும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாதபடி திருப்பி நிறுத்தினாலே பாதிச் சூடு இறங்கிவிடும். "அண்ணே, கொஞ்சம் இப்படி வாங்க, என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட சொல்லுங்க" என்று தொடங்குங்கள். குடித்தவனிடம் "டேய்" என்று தொடங்கினால் அவன் எதிரியோடு சேர்த்து உங்களோடும் சண்டை போட ஒரு காரணம் கொடுத்துவிட்டீர்கள். யாராவது வீடியோ எடுத்தால் எடுக்கட்டும். போனைப் பிடுங்கும் காட்சிதான் மறுநாள் பரவும்.

பலத்தைப் பயன்படுத்த வேண்டி வந்தால், எதிரே இருக்கும் ஆபத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான், ஆபத்து நின்றதும் உங்கள் கையும் நிற்க வேண்டும். லத்தி தலைக்கோ கழுத்துக்கோ போகக்கூடாது. இடுப்புக்குக் கீழே, சதைப்பிடிப்பான இடம் மட்டும். கீழே விழுந்தவன் மேல், பிடித்துவைத்திருக்கும் ஆள் மேல் விழும் அடியை எந்த நாட்குறிப்பிலும் நியாயப்படுத்தி எழுத முடியாது. பெரிய கூட்டத்தைக் கலைக்க உத்தரவிடும் அதிகாரம் பி.என்.எஸ்.எஸ். 148-ன்படி நிர்வாக நடுவருக்கும் (மாஜிஸ்திரேட்) நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும், அவர் இல்லாதபோது எஸ்.ஐ. நிலைக்குக் குறையாதவருக்கும்தான். பந்தோபஸ்தில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஓடினார் என்று நீங்களும் லத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

கைது

எல்லாக் குற்றத்துக்கும் கைது தேவையில்லை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் ஏன் கைது தேவை என்று காரணத்தை எழுத வேண்டும். தேவையில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன் கீழ் அறிவிப்பு கொடுத்து ஆஜராகச் சொல்ல வேண்டும். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது இதைத்தான். அந்த அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அறிவிப்பைக் கொடுத்துவரச் சொல்லி உங்களைத்தான் அனுப்புவார்கள். ஒப்புகைக் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள். மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரையோ உடல் நலிந்தவரையோ டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்யக்கூடாது.

கைது என்று முடிவானால் வரிசை இது. சட்டையில் பெயர்ப்பட்டை தெரிய வேண்டும். ஏன் கைது என்று அவரிடம் சொல்ல வேண்டும். எழுத்திலும், அவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று எழுத வேண்டும். மருத்துவப் பரிசோதனை. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் ஆஜர்.

பெண்ணைக் கைது செய்வதானால், சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பொதுவாகக் கூடாது. தவிர்க்க முடியாத சூழ்நிலையில் மட்டும், பெண் அதிகாரி எழுத்துப்பூர்வ அறிக்கை கொடுத்து நடுவரின் முன் அனுமதி பெற்றுச் செய்யலாம். கைவிலங்கு என்பது தானாக மாட்டும் பொருள் அல்ல. பி.என்.எஸ்.எஸ். 43(3) கொலை, பாலியல் வன்முறை, தப்பி ஓடிய ஆள், தொடர் குற்றவாளி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. சட்டைப்பையில் கஞ்சாப் பொட்டலமும் இல்லாத, ஓடவும் முயலாத செல்போன் திருடனுக்கு விலங்கு எதற்கு என்று நடுவர் கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

"கைது பண்ணல, சும்மா விசாரணைக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்." இதைத்தான் நிறையக் கேட்பீர்கள். ஒருவரைப் போகவிடாமல் எந்த நேரத்தில் நிறுத்தினீர்களோ அந்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடும், பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. சாட்சியாக அழைப்பதிலும் எல்லை உண்டு. பெண்கள், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வா என்று கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வீட்டுக்கு நாம்தான் போக வேண்டும்.

அடுத்து, பயிற்சியில் பெரும்பாலும் பூசி மெழுகும் விஷயம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆய்வாளரும் எஸ்.ஐ.களும் மட்டும் அல்ல. தலைமைக் காவலர்களும் காவலர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அந்த இரவில் நடந்ததை நீதித்துறை நடுவரிடம் சாட்சியமாகச் சொன்னதும் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர்தான். "ஐயா சொன்னார், நான் பிடித்தேன்" என்பது நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது. அடித்து வாங்கும் ஒப்புதல் வழக்குக்கும் உதவாது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் பி.எஸ்.ஏ. 23-ன்படி சாட்சியம் ஆகாது. அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதி மட்டும்தான் ஏற்கப்படும்.

சரி, மேலதிகாரி லாக்கப் பக்கம் கூப்பிட்டால் புதிய ஆள் என்ன செய்வது? எதிர்த்து வசனம் பேசச் சொல்லவில்லை. "ஐயா, இவருக்கு உடம்பு சரியில்ல போல இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்கலாம். அந்த இடத்திலிருந்து விலகலாம். கை வைக்காமல் இருக்கலாம். நடந்தது நடந்த நேரத்தோடு உங்கள் குறிப்பில் இருக்கட்டும். பாராவில் நிற்பவர் நீங்களென்றால் லாக்கப்பில் இருப்பவரின் உயிர் உங்கள் பொறுப்பு. பெல்ட், கயிறு, துண்டு உள்ளே போகவில்லையா என்று பாருங்கள், சிறு இடைவெளிகளில் எட்டிப் பாருங்கள். வலிக்கிறது என்று சொன்னால் நடிப்பு என்று நீங்களாக முடிவு செய்யாமல் உடனே மேலே சொல்லுங்கள்.

குழந்தை, மனநலம் பாதித்தவர்

18 வயதுக்குட்பட்டவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது, எந்தக் குற்றமானாலும். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், முடிந்தவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். இரவில் ஸ்டேஷனில் குழந்தையை வைத்திருக்கக்கூடாது. அந்தக் குழந்தையிடம் நீங்கள் திரும்பத் திரும்ப "என்ன பண்ணான்?" என்று கேட்காதீர்கள்; அது உங்கள் வேலை இல்லை. தெருவில் அலையும் மனநலம் பாதித்தவரைக் கண்டால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப் அவருக்கும் இல்லை.

எழுதுவது, அப்புறம் கூண்டில் நிற்பது

சட்டைப்பைக் குறிப்பேடு ஒன்று வாங்குங்கள். இப்படி எழுதாதீர்கள்: "இரவு ரோந்தின்போது சந்தேக நபரைப் பிடித்து நிலையம் கொண்டுவந்தேன்." இப்படி எழுதுங்கள்: "இரவு 11.40. பஸ் ஸ்டாண்டு மேற்கு வாசல், டீக்கடைக்கு எதிரே. நீலக் கட்டம் போட்ட சட்டை, சுமார் 30 வயது ஆண். பூட்டிய செல்போன் கடையின் ஷட்டர் பூட்டை இரும்புக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தார். கடைக்கு மேல் தெருவிளக்கு எரிந்தது. 11.42 மைக்கில் சொன்னேன். 11.55 எஸ்.ஐ. வந்தார்." தெருவிளக்கு பற்றிய அந்த ஒரு வரிக்காக மூன்று வருடம் கழித்து நீங்களே உங்களைப் பாராட்டிக்கொள்வீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி, "அந்த இருட்டில் முகம் எப்படித் தெரிந்தது?" என்பதாகத்தான் இருக்கும்.

மகஜருக்கு (சாட்சிகள் முன் எழுதும் ஆவணம்) என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்காதீர்கள், யார் சொன்னாலும். நீங்கள் பார்க்காத ஒன்றுக்குச் சாட்சியாக உங்கள் பெயரைப் போடவும் விடாதீர்கள். சம்மன் வந்தால் ரைட்டரிடம் பாஸ்போர்ட் (பணிக்காக வெளியே போவதற்கான நிலையச் சீட்டு) வாங்கிக்கொண்டு, முதல் நாளே கேஸ் கட்டைப் படித்துவிட்டுப் போங்கள். கூண்டில் கேட்டதற்கு மட்டும் பதில். நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே சொல்லலாம். நடந்தபோது எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ள நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். ஊகித்து ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் அது பாஸ்போர்ட்டில் உள்ள நேரத்தோடும் பொது நாட்குறிப்போடும் மோதும். குறுக்கு விசாரணை முழுக்க அந்தப் பத்து நிமிட வித்தியாசத்திலேயே ஓடும்.